கறள்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி.
யன்னல் கம்பியைத் தொட்டால்
உள்ளங்கையில் செந்தூள் ஒட்டும்.
போன மாசி வாங்கிய ஃபேன்
இப்போதே கழுத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறது.
ஆகவே நான் அதிகம் யோசிக்கவில்லை.
பெயர் என்ற கட்டத்தில் எழுதினேன்:
கறள்.

"மின்னல் எறியலாம், கட்டடம் தூக்கலாம்.
இருபது புள்ளியை வைச்சுக்கொண்டு கறளா?"
என்றான் நிதுர்சன்.
அவனுடைய வீரன் மூன்று தடவை செத்தவன்.
ஷெனாலி தேத்தண்ணிக்குள் விழுந்த பகடையை
விரலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவள் தொட்ட இரும்பு
ஒரு மூச்சில் கிழடாகும்.
துவக்கு, கைவிலங்கு,
அடகுக்கடைப் பெட்டகம்.
உதைக்க வேண்டாம், உடைக்க வேண்டாம்,
கையை வைத்துக் காத்திருந்தால் போதும்.
எட்டுப் புள்ளி.
தண்டவாளத்தருகே குனிந்தால்
களுத்துறையில் புறப்படும் ரயில் கேட்கும்.
அதற்கும் எட்டு.
உப்புக்காற்றில் பறப்பாள். ஆறு.
முகமூடி இல்லை.
அவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை;
அதையும் சக்தியாகக் கணக்கெடு என்றேன்.
அது இலவசம் என்றான் அஸ்மீர்.

ஆட்டத்தை நடத்துபவன் அவன்.
கூட்டிப் பார்த்தான்: இருபத்திரண்டு.
"ஒரு பலவீனம் எழுது,
ரெண்டு புள்ளி திருப்பித் தாறன்."

வலது காலை
இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தான்.
தெஹிவளைச் சந்தியில்
ஓட்டோ ஒன்று யோசிக்காமல் திரும்பிய நாளிலிருந்து
முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பி.
எங்களுக்கு முதல் அதற்குத்தான்
மழை வருவது தெரியும்.

பென்சிலால், சின்னதாய் எழுதினேன்:
காலுக்குள் இரும்புள்ள ஒருவனை
அவளால் தொட முடியாது.

வாசித்தான்.
தாளை மடித்தான், விரித்தான், இன்னொருக்கால் வாசித்தான்.
நிதுர்சன் கேட்டான், "என்னடா எழுதியிருக்கு?"
அஸ்மீர் முழங்காலைத் தட்டிக் காட்டினான்,
எனக்கு மட்டும்.
"இது டைட்டேனியம். கறள் பிடிக்காது."
பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு,
"அப்ப இது பலவீனமில்லை.
ரெண்டு புள்ளி கூடத்தான் நிக்குது."

பறத்தலை அழித்தேன்.
மிச்சம் நாலு. செலவழிக்கவில்லை.
இனிக் கறள்
நூறாம் நம்பர் பஸ்ஸில் போவாள்,
மேல்கம்பியைப் பிடிக்காமல்,
ஒவ்வொரு பிரேக்குக்கும்
பக்கத்தில் நிற்பவன்மேல் சாய்ந்து.