பூ முறை

இந்த வாரம் அறுபது தாள் போதும்.
எட்டு மணிக்கு மின்வெட்டு, அதற்குள் அடிக்க வேண்டும்.

பெண்கள் ஐக்கியம் புதன்கிழமை, டெல்மா வீட்டில்.
கூரை நிதிக்குப் பிரியாணி, பருப்போடு; வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.
பெரிய தேக்சா மூடியை எடுத்துப்போனவர்
யாரென்று கேட்க மாட்டோம், திருப்பி வைத்தால் சரி.
வாலிபர்களே, இனி ஜெபம் முடிந்தபிறகுதான் பந்து.
பூ முறை, நாளை: டல்சி முனுசாமி.

ஜனவரியில் போட்ட பட்டியல்.
மார்ச்சில் அவளை மண்ணில் வைத்தோம்.
அழிக்கும் விசைமேல் விரல் வைத்து
எடுத்துவிட்டேன்.
நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காலையில் நான் கதவைத் திறக்க வரும்போது
படியில் லோகி, பெயின்ட் வாளியோடு.
ஃபிரிஜ் கதவில் அவள் ஒட்டிய பட்டியலை
அவனும் எடுக்கவில்லையாம்.
வாளி நிறையக் கறிவேப்பிலைக் கிளைகள்.
"பூவெல்லாம் அவளோடு போச்சு, கிளார்க்கம்மா.
இதுதான் தண்ணி ஊத்தாமலே தழைக்குது."

மெர்பேங்க் காற்றில் எப்போதும் எண்ணெய் ஆலை நாற்றம்.
இன்று ஜன்னல்களை யாரும் சாத்தவில்லை.
போதகர் ம்கீசே யோனாவை மீன் வயிற்றில் விட்டுவிட்டு
ஒரு நிமிடம் மூக்கை உறிஞ்சினார்.
பின்வரிசையில் யாருக்கோ வயிறு இரைந்தது,
சிறுவர்கள் சிரித்தார்கள், லோகியும்.

ஆசீர்வாதம் முடிந்ததும்
டெல்மா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"பருப்புக்கு ஆகும், கொண்டுபோ" என்றான்.
ஒரு கிளையை மட்டும் பிரசங்க பீடத்தில் விட்டுவைத்தாள்.

அடுத்த வாரத் தாளில் பூ முறைக்கு என் பெயர்.
எங்கள் வீட்டில் கற்றாழைதான் இருக்கிறது.

மூடி இன்னும் வரவில்லை.