அணைமேடு கேட், காலை எட்டு நாற்பது

மணி அடிக்கிறது. கம்பி இறங்குகிறது.
கடைசி நொடியில் குனிந்து நுழைந்த ஒரு பல்சர்
தண்டவாளத்தின் மேல் நின்று
எங்களைத் திரும்பிப் பார்க்கிறது,
சுதந்திரம் வாங்கித் தந்தவன் போல.

இடதுபுறம் நான்.
ஜவ்வரிசி மில்லில் கணக்கு.
மொபெட்டின் முன்பையில் தயிர்சாதம்,
அதன் அடியில் நேற்றைய ஜிஎஸ்டி பில்கள்.
எனக்கு முன்னால் பதினோரு வண்டி.
வலதுபுறம் காலி.

காலி என்றால்
எதிரே வருகிறவர்களுக்கு விட்ட இடம்.
அது எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்ததால்தான் முதல் வண்டி
யாரையும் பார்க்காமல் ஏறுகிறது.
பிறகு ஷேர் ஆட்டோ,
பள்ளிக்கூட வேன்,
தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை,
லாடம் அடித்தது போல் சத்தமிடும் ஒரு போலீஸ் புல்லட்.
'அவன் போறான், நான் மட்டும் இளிச்சவாயனா?'
இந்த வரியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடத்துவதில்லை.
எல்லோரும் மனப்பாடம்.

சொல்லிவிடுகிறேன், நானும்தான்.
ஒன்பது வருடம் வலதில் ஏறியவன்.
ஏறி நின்றுகொண்டு
பக்கத்து வண்டிக்காரரிடம் ஜப்பான் பற்றிப் பேசியிருக்கிறேன்.
அங்கே ரயில் ஒரு நிமிஷம் தாமதித்தால்
தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார்களாம்.
'நம்ம நாடு உருப்படாதுங்க' என்பார் அவர்.
'ஜனங்க சரியில்லை' என்பேன் நான்.
ஜனங்கள் என்பவர்கள் எப்போதும்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்.
அங்கேயும் இதே பேச்சு ஓடியிருக்கும்.

சரக்கு ரயில்.
தார்ப்பாய் போர்த்திய நாற்பத்திரண்டு பெட்டி, எண்ணினேன்.
உள்ளே இரும்போ உரமோ.
முன்னேற்றம் போகிற வண்டி இப்படித்தான் இருக்குமோ என்னவோ,
கனமாக, சத்தமாக,
எங்களை நிறுத்திவைத்துவிட்டு.

கம்பி ஏறுகிறது.
யாரும் நகரவில்லை.
அந்தப் பக்கம் சாலை முழுக்க அவர்கள்,
இந்தப் பக்கம் சாலை முழுக்க நாங்கள்.
நடுவில் இரண்டு நாடுகளின் எல்லை மாதிரி
பளபளவென்று தண்டவாளம்.
ஹாரன்.
கேட்கீப்பர் சுரேந்தர் மஹதோவுக்கு ஊர் சமஸ்திபூர் பக்கம்.
சேலத்துக்கு வந்து எட்டு மாதத்தில்
அவர் பிழையில்லாமல் பேசும் தமிழ்:
'பின்னாடி போங்க.'
வேறு எதையும் பேச
நாங்கள் அவருக்கு வாய்ப்பே தரவில்லை.

மேம்பாலம் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.
வரட்டும்.
அதில் எதிர்த்திசையில் இறங்க எந்தச் சந்து தோது என்று
பஞ்சர் கடை அர்த்தநாரி
இப்போதே பார்த்துவைத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை
நான் இடதிலேயே நின்றேன்.
அறத்தால் அல்ல,
ஆக்சிலேட்டர் வயர் அறுந்ததால்.
வண்டியை உருட்டவும் முடியாமல் நின்ற ஏழு நிமிஷத்தில்தான்
கேட்டுக்கு மேலே
சேர்வராயன் மலை தெரிவதைப் பார்த்தேன்.
மேகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு,
வேலைக்குக் கிளம்பிய பெண் மாதிரி.
ஒன்பது வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

புதன்கிழமை வயர் புதுசு.
அன்றும் நின்றேன்.
ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகத் தெரியாது.
'யோவ், தூங்குறியா? அதான் எடம் இருக்குல்ல!'
காது சூடாகிவிட்டது.
மில்லில் அரை நாள் யாரிடமும் பேசவில்லை.
மற்றபடி ஒன்றும் மாறவில்லை.
கேட்டைக் கடக்க வழக்கம்போல் பதினான்கு நிமிஷம்.
என்னால் ஒரு மொபெட் அகலம் குறைந்தது,
அந்த அகலத்தில்
எதிரிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது.
பால்காரர். சிரிக்கக்கூட இல்லை.

இன்று வெள்ளி.
மணி அடித்தது, கம்பி இறங்கியது.
கண்ணாடியில் பார்க்கிறேன்,
எனக்குப் பின்னால் அந்தக் குட்டியானை நிற்கிறது,
வலதில் ஏறாமல்,
எஞ்சினை அணைத்துவிட்டு.

டீசல் தீர்ந்துபோயிருக்கும்.
இருக்கட்டும்.