கடைமடைக் கணக்கு

தலைஞாயிறில் கரண்ட் வந்தபோது மணி பத்தரை.
விட்ட இடத்திலேயே நின்றிருந்தது மடிக்கணினி:
ஈயத்தோடு ஈயம் மோதிய ஆறு லட்சம் மோதல்கள்,
ஒவ்வொன்றிலும் தெறித்தவற்றில்
கூட்டல் எத்தனை, கழித்தல் எத்தனை.

கழித்துப் பார்த்தால் சராசரி பூஜ்யத்தை ஒட்டித்தான்.
அதில் சேதி இல்லை.
மோதலுக்கு மோதல் அந்தப் பூஜ்யம்
எவ்வளவு தள்ளாடுகிறது,
அதில்தான்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கும் பெர்க்மான்ஸிடம்
கூலிப் பட்டுவாடா அன்று இதைச் சொன்னேன்.
நொடியில் பிடித்துக்கொண்டான்:
"ஐந்நூறு நோட்டாவே கை மாறுனா
ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய, பெரிசா ஆடும்.
சில்லறையா மாறுனா ஆட்டம் கம்மி.
அப்ப உள்ள இருந்தது நோட்டா, சில்லறையா?"

இதைவிடச் சுருக்கமாக
என் ஆய்வேட்டில் ஒரு வரி இல்லை.

சில்லறைதான் என்கிறது கோட்பாடு.
சூரியனின் நடுவே குளிர் என்று தோன்றும் கொதியில்
புரோட்டான் உருகி, குவார்க்குகள் அவிழ்ந்து,
மூன்றில் ஒன்றும் மூன்றில் இரண்டுமாய் அலையும் மின்சுமை.
முந்திரிக்கும் மாகாணிக்கும் பேர் வைத்த தமிழ்
மூன்றில் ஒன்றுக்குத் தனிப் பேர் வைக்கவில்லை.
வைத்திருந்தாலும் கூப்பிட நேரமில்லை;
இமைப்பொழுது என்பதே அங்கே ஒரு யுகம்.
ஆறியதும் எல்லாம் முழு நோட்டு.
தனிக் குவார்க்கு எந்தக் கருவிக்கும் வந்து சேர்ந்ததில்லை.

நானும் கடைமடைக்காரிதான்.
மேட்டூரில் திறந்தது எப்படியோ,
எனக்கு வருவது
நூறு மதகில் கலந்து, கசிந்து, மிச்சமானது.
அந்த மிச்சத்தின் ஆட்டத்தை வைத்து
தலைமடையின் குணத்தைச் சொல்ல வேண்டும்.

குறுகலாக அளந்தால்
வரப்பில் கசிந்து போனதும் வந்ததும் கணக்கைக் குழப்பும்.
மொத்தத்தையும் அளந்தால், மின்சுமை அழியாது என்பதால்,
ஆட்டமே இருக்காது.
இடையில் எங்கோ ஓர் அகலம்.

நோட்டென்றால் மூன்று, சில்லறையென்றால் ஒன்று, ஏறக்குறைய.
பதினொன்றே முக்காலுக்குத் திரையில் வந்தது
இரண்டரையும் கொஞ்சமும். பிழைக்கோடு வேறு.
சன்னலை விரித்தேன். இறங்கியது.
இன்னும் விரித்தேன். இறங்கியது, மெல்ல.

அப்போதுதான் மழை.
வெட்டவெளியில் நாலாயிரம் மூட்டை.
ஓடிப்போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன்.
எதிர் முனையிலிருந்து பெர்க்மான்ஸ் கத்தினான்:
"நோட்டா, சில்லறையா?"
"வெறும் நோட்டு இல்ல. சில்லறைன்னு சொல்லவும்
இந்த அகலம் பத்தலை!"
ஓரத்து மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன.
கயிற்றை இழுத்தபடி அவற்றைப் பார்த்தான்.
"இதுவும் பத்தலை" என்றான்.