நாற்பத்தொன்றாம் பக்கம்

அல்சூரில், ஏரிப் பக்கம் சாலை வளைகிற இடத்தில்
நாற்காலி இல்லாத கடை.
இடுப்புயர மேசையைச் சுற்றி
ஞாயிறு காலை ஏழரைக்கு நிற்போம்.
உட்கார இடம் இருந்தால்
இந்தக் கூட்டம் என்றைக்கோ கலைந்திருக்கும் என்பான் இன்னாசி.
கால் வலிக்கும்வரைதான் இலக்கியம்.

விதி ஒன்றே ஒன்று:
காபி ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்,
இப்போது என்ன ஓடுகிறது என்று.

இன்னாசி மெட்ரோவில் தண்டவாளம் பார்ப்பவன்.
நள்ளிரவில் மின்சாரம் நிறுத்தியபின்
சுரங்கத்துக்குள் இறங்குகிறவன்.
அவனுக்குக் கடல் வேண்டும்.
கப்பல், தீவு, உப்புக் காற்று,
இவை இல்லாத நூலை அவன் மோந்துகூடப் பார்ப்பதில்லை.

தில்ஷாத்துக்கு ஒரே சமயத்தில் மூன்று:
பேருந்துக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று,
மாமியார் போனில் பேசும்போது ஒன்று.
போன வாரம் மூன்றும் கலந்து
ஒரு கதையின் கொலைகாரன்
இன்னொரு கதையின் கல்யாணத்தில்
பந்தி பரிமாறினானாம்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேசைக்காரர் தன் வடையோடு
சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

நான் கணக்கு வைப்பவன்.
வருடத்துக்கு ஐம்பத்திரண்டு.
கைபேசியில் பட்டியல், தேதி, நட்சத்திரம்.
மிகவும் பிடித்தது எது என்று கேட்டால்
யோசிக்காமல் சொல்ல ஒரு பெயர் உண்டு;
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சொன்னதும் எதிரில் இருப்பவர் கண்ணில்
மரியாதை ஏறுவதைப் பார்க்கலாம்.

போன மாதம் அமலோற்பவம் வந்தாள்.
வீடு தங்கவயலில்.
விடியுமுன் ரயிலேறி வந்து
இங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
நாள் முழுக்க நரம்பு தேடுகிறவள்.
"நீங்க என்ன படிக்கிறீங்க?" தில்ஷாத் கேட்டாள்.
பையைத் திறக்காமலே சொன்னாள்:
"நாப்பத்தொண்ணாம் பக்கம்."

எந்தப் புத்தகத்தில்?
"எதா இருந்தா என்ன.
மூணு மாசமா அதே பக்கம்தான்."

அவ்வளவு மோசமா என்றேன்.
இல்லை என்று தலையாட்டி
செய்தித்தாள் அட்டை போட்ட நூலை
சட்னிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள்.
விரலே படாமல் அது
சரியாக அங்கே விரிந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை.
ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள்.
கையில் தூக்குப்பாத்திரம்.
மழை வரும்போல் இருக்கிறது.
எதிர்க்கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்குகிறான்.
அவளை யாரும் கூப்பிடவில்லை.
பக்கம் முடிகிறது.

"திருப்புனா பஸ் வந்துரும்.
வந்தா ஏறணும்.
போய்ச் சேந்தா உலை வைக்கணும்,
ஏன் லேட்டுன்னு பதில் சொல்லணும்.
நிக்கட்டுமே கொஞ்ச நேரம்.
பங்காருப்பேட்டை தாண்டினதும்
தினம் ஒரு தடவை பாத்துக்குவேன்,
அங்கேயேதான் இருக்காளான்னு."

உள்ளேயிருந்து 'எரடு காபி' என்று ஒரு குரல்.
எங்கள் டம்ளர்களில் ஆடை படிந்துவிட்டது.
விதி யாருக்கும் நினைவில்லை.

பிறகு என் முறை.
பட்டியலைத் திறந்தேன்.
இந்த வார நூல், நாலரை நட்சத்திரம்,
வியாழக்கிழமை முடித்தது.
அதன் நாயகி பெயர் வாயில் வரவில்லை.
என்ன ஆனாள் என்பதும்.

அந்த வெறுமையை மூடத்தானோ என்னவோ
உளறிவிட்டேன்:
அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டில்
இருநூற்று ஆறை நான் தாண்டியதே இல்லை.

இன்னாசி என்னைக் கொன்றுவிடுவான் என்றிருந்தேன்.
அவன் தரையைப் பார்த்து
"நான் நூத்தித்தொண்ணூறு" என்றான்.
"முன்னுரை," என்றாள் தில்ஷாத்.

சிரித்து முடித்து, சில்லறை பிரித்துக் கொடுத்து,
கை கழுவப் போகும் நெருக்கடியில்
அமலோற்பவத்திடம் அந்த நூலை இரவல் கேட்டேன்.
பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

திருப்பித் தரமாட்டார்கள் என்று
பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.
அவள் சொன்னாள்:
"வேணாம். நீங்க திருப்பிருவீங்க."