கைப்பிடி

எல்லீஸ் நகர் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
லிஃப்ட் கிடையாது. பெட்டியோடு ஆறு கிலோ.
பாத்ரூமில் ஸ்டீல் கைப்பிடி மாட்ட வேண்டும்,
ஆறு துளை.

விழுந்தவர் செலின் டீச்சர்.
கோ-கோ டீமை மாவட்டம் வரை கூட்டிப்போன பி.டி. டீச்சர்
ஷாம்பு நுரையில் வழுக்கியிருக்கிறார்.

சாயங்காலத்துக்கு மேல் தண்ணி புழங்காதீங்க என்று
முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன்.
புழங்கவில்லை. பெட்டியில் சோப்பு
வெடித்துக் கிடந்தது.
மிச்சமிருந்த வாளியையும் தூக்கி வெளியே வைத்தேன்.

ஸ்விட்சுக்கு நேர் மேலே ஒயர் ஏறும்,
குழாய்க்கு நேர் மேலே குழாய் ஏறும்.
கட்டினவன் சோம்பேறியாக இருந்தால்
அங்கிட்டு இங்கிட்டு குறுக்கேயும் போகும்.
டிடெக்டரை நகர்த்தினேன். கீசர் பக்கம் கத்தியது.
ஒரு சாண் தள்ளிக் குறித்தேன்.

"என் தொடையிலயும் தகடு வச்சு எட்டு ஸ்க்ரூ"
வாக்கரைப் பிடித்தபடி கதவோரம் டீச்சர்.
"எலும்புல ஓட்டை போட்டது இதைவிடச் சின்ன மெஷினா?"
"அது சுத்தும், இப்படித் தட்டாது டீச்சர்."
"தண்ணி ஊத்திக்கிட்டே போடுவாங்களாம்."
"நான் ஊத்தினா
என்னையும் பெரியாஸ்பத்திரில சேக்கணும்."

டைல்ஸ் தாண்டும்வரை சுத்தியல் கூடாது.
சுத்து மட்டும், மெதுவாக.
உதிர்கிற மாவின் நிறம் மாறியதும் நிறுத்தி,
பிட்டை மாற்றி, வாலில் பட்டாணி அளவு கிரீஸ் தடவி,
'டக்'கென்று உட்கார்ந்ததா என இழுத்துப் பார்த்து,
சுத்தியல் படத்துக்குத் திருகைத் திருப்பினேன்.
பிட்டில் மஞ்சள் டேப் சுற்றிய இடம் வரை
உள்ளே போனால் போதும்.

புதுசாக வருகிறவர்கள் நெஞ்சைக் கொடுத்து அழுத்துவார்கள்.
நானும் அழுத்தியவன்தான்.
அழுத்த அழுத்த
அடிக்க இடமில்லாமல் அது முனகும்.
நேராகப் பிடித்துக்கொண்டால் போதும்,
அடிப்பது அதன் வேலை.

திருநகரில் ஒருமுறை, ஒரே ஒரு துளைதானே என்று
பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டாமல்
தூணில் வைத்தேன். உள்ளே கம்பி.
பிட் நின்றுவிட்டது, மெஷின் சுற்றியது,
மெஷினோடு மணிக்கட்டும்.
ஐப்பசி பிறந்தால் அந்தக் கை எனக்கு முன்பே எழுந்துவிடும்.

நாலாவது துளையில் கரண்ட் போனது.

கீழ்வீட்டு ஜெபப் பாட்டும் நின்றது.
பைபாஸில் மினிபஸ் ஹாரன் மட்டும்.
பிட் பாதி சுவருக்குள்.
உருவிவிடலாமென்று கை தானாகப் போனது,
பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று
இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பிளக்கைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"என்ன இது, பாம்பு மாதிரி?"
"கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும் டீச்சர்."

மாஸ்க்கை இறக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அவர் கொடுத்த மோரில் பாதி குடித்திருப்பேன்.
கரண்ட் வந்தது.
பக்கத்து வீட்டில் ஆளில்லாமல் ஒரு மிக்ஸி
தானே உறுமியது. மூடி எங்கேயோ போய் விழுந்தது.
"ஐயோ சட்னி! ஐயோ சீலிங்கு!" என்று யாரோ ஓடினார்கள்.

சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது என் மெஷின்.
அப்போதுதான் பார்த்தேன்.
விரல் மரத்துப்போகிறதென்று
விசையை அமுக்கிப் பூட்டியவன்
பூட்டை எடுக்கவேயில்லை.

மோரை வைத்துவிட்டேன்.
டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார், சட்னிக்கு.
நான் சொல்லவில்லை.

மிச்சத் துளைகளை
விசையில் விரல் வைத்தே போட்டேன்.
சைக்கிள் பம்பால் தூசியை ஊதி எடுத்து,
ஆங்கர் இறக்கி, ஒவ்வொன்றாக இறுக்கினேன்.

"தாங்குமா?"
எழுபத்திரண்டு கிலோ. இரண்டு கையாலும் பிடித்துத்
தொங்கினேன்.
"ஒண்ணு, ரெண்டு, மூணு..."
மைதானக் குரலில் எண்ண ஆரம்பித்தவர்
ஏழில் நிறுத்தினார்.

"கால் தரையில படுது.
மடக்குங்க. ஏமாத்தாதீங்க."