கோரம் இல்லாத காலை

முதல் நாள் ரெய்க்யவிக்கில்
நாற்காலிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு எண்.
மூன்று தேர்தலாய் முகம் பார்த்துப் பேசாத இருவரை
தோளுரச உட்காரவைத்தது பெட்டி.
ஓலை இல்லாத குடவோலை என்று வையுங்கள்.

குலுக்கல் அதோடு சரி.
சபாநாயகர், துணைக்கு ஆறு பேர்,
எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஒன்பது இருக்கை
எல்லாம் வகுத்தல் கணக்கு.
எந்தக் கட்சிக்கு எத்தனை தலைவர் பதவி என்று
கால்குலேட்டர் சொல்லும்.
அதற்கு முந்தின இரவே
ஏதோவொரு வீட்டுச் சமையலறையில்
அதைச் சொல்லி முடித்திருப்பார்கள்.

மீன்வளம் வருகிற குழுவில்
மூன்று பேர் கட்சிக்கு இடம் விழவில்லை.
ஹல்பேராவுக்குக் கொடுத்தது மேசையின் ஓரம்.
பேசலாம். கை தூக்கக் கூடாது.
பெயர்ப்பலகை அச்சடித்தவன் நான்,
பத்தொன்பது வருடக் குறிப்பெழுத்தன்.
ஹல்பேரா ஸ்னைபியோர்ன்ஸ்டோட்டிர்.
எழுத்து மற்றவர்களுடையதைவிடச் சின்னதாகிவிட்டது.
வேண்டுமென்று இல்லை,
பெயர் நீளம்.

அவள் மசோதா இரண்டே பத்தி:
தூண்டில் படகுகளிடமிருந்து
காற்று பிடுங்கிக்கொண்ட நாட்களை
அந்தக் கோடையிலேயே திருப்பித் தர வேண்டும்.

தலைவர் தோர்கில்ஸ் கெட்டவர் இல்லை.
என் பிறந்தநாளை மறக்காதவர்.
இல்லை என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது.
அடுத்த வாரம் என்பார்.
நிகழ்ச்சி நிரலில் எட்டாவது,
பிறகு ஒன்பதாவது,
பிறகு கிணற்றில் போட்ட கல்.

பிப்ரவரியில் ஒரு புயல்.
வடக்கிலிருந்து விமானம் வரவில்லை.
ஐந்து பேர் வேண்டும், நாலு பேர் இருந்தார்கள்.
ஹல்பேராவும் இருந்தாள்,
எண்ணிக்கையில் சேராமல்.
கோரம் இல்லை, காத்திருப்போம் என்றார் தலைவர்.
நான் பேனாவை மூடினேன்.

காபி ஆறுகிற நேரத்தில்
அவள் பேச ஆரம்பித்தாள், கோப்பைத் திறக்காமலே.
போன ஜூலையில் பட்ரெக்ஸ்ஃபியோர்தூரில்
பன்னிரண்டு படகு பதினோரு நாள் கரையில் கிடந்தது.
வங்கித் தவணை மட்டும்
காற்றைப் பார்த்துத் தயங்கவில்லை.
கெட்டில் என்றொருவர்,
வீட்டுக்குள் இருக்கமாட்டாமல்
படகுக்கு மூன்று முறை வர்ணம் அடித்தார்.
முதலில் நீலம். காய்ந்ததும் பச்சை.
மனைவி வந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
வேறொரு தூரிகையை எடுத்துக்கொண்டாள்.

யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
கோட்டாக் கம்பெனிகளின் கட்சிக்காரர்கூட
கன்னத்தில் கைவைத்திருந்தார்.
தோர்கில்ஸ் ஒரு கேள்வி கேட்டார்.
இந்த மேசையில் அவர்
பதில் தெரியாமல் கேட்டு நான் பார்த்த ஒரே கேள்வி.
அவள் சொன்னாள்.
ஜன்னலில் ஆலங்கட்டி அடித்தது.

பத்து மணிக்கு எழுந்தோம்.
என் ஏட்டில் ஒரே வரி:
போதிய உறுப்பினர் இல்லை, கூட்டம் நடக்கவில்லை.
நடக்காத கூட்டத்தில் பேசியதை
எழுத விதி இல்லை. நான் விதியை மீறுகிற ஆளும் இல்லை.

அடுத்த வாரம் ஒன்பது பேரும் வந்தார்கள்.
கோரம் இருந்தது.
மசோதா பத்தாவது.
ஜூனில் கூட்டத்தொடர் முடிந்தபோது
குழுக்களில் தூங்கிய எல்லாவற்றோடும் செத்தது.

மூன்றாவது பூச்சு என்ன நிறம்
என்றுதான் தோர்கில்ஸ் கேட்டார்.

மஞ்சள்.