செயற்கைக் கண்ணீர்

வெள்ளவத்தையில், காலி வீதி ஓரம்,
பதினொரு வருடமாகக் கண்ணீர் விற்கிறேன்.
பத்து மில்லிலீற்றர் போத்தல்.
"திறந்தால் ஒரு மாதம்தான், பிறகு எறிஞ்சிடுங்கோ"
என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டு
மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவேன்.
மைனஸ் ஆறேகால்.

ஒப்பம் வைக்கும்போது
கண்ணாடியை முதலே வாங்கி வைத்துவிட்டார்கள்.
தாளை மூக்கில் முட்டக் கொண்டுபோனேன்.
ஆங்கிலம் தெளிவு, சிங்களம் தெளிவு,
தமிழ்ப் பக்கம் போட்டோகொப்பியின் போட்டோகொப்பி.
வறட்சி. ஒளிவட்டம். இரவில் கூச்சம்.
நூற்றில் சிலருக்கு.
அந்தச் சிலர் வேறெங்கேயோ,
கண்டியிலோ கனடாவிலோ குடியிருந்தார்கள்.

"பச்சைப் புள்ளியையே பாருங்க மிஸ்."
பார்த்தேன்.
புள்ளி கரைந்து குளமாயிற்று.
புத்தக ஒற்றைபோல் ஏதோ மடிந்தது.
வலி இல்லை. மணம் இருந்தது:
சலூன் வாசலில் முடி கருகுமே, அது.
இருபது வினாடி. மற்றக் கண்ணுக்கு இருபத்திரண்டு.
மணப்பது நான்தான் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை
எதிர்மாடிக் கொடியில் காய்ந்த சட்டையின்
பொத்தான்களை எண்ணினேன். ஏழு.
ஒன்று வேறு நிறம்.
பொய் சொல்லக்கூடாது,
அன்று முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தேன்.

இரவுதான் வேறு.
நூறாம் இலக்க பஸ் திருவாசியோடு வருகிறது.
த்ரீவீலருக்கும் திருவாசி,
கொத்துரொட்டிக் கடைப் பலகைக்கும்,
பொலிஸ்காரரின் டோர்ச்சுக்கும்.
இதில் யாரைக் கும்பிட்டுவிட்டு
வீதியைக் கடப்பது?
"அம்மாவுக்கு வருசம் முழுக்க வெசாக்" என்கிறான் மகன்.

ஆறு மாதத்தில் சரியாகுமாம்.
இது ஐந்தாவது.
ஏழாவதில் என்ன சொல்வார் என்று
டொக்டரிடம் கேட்டு வைக்கவில்லை.
ரிஸ்மியா எனக்கே பில் போடுகிறாள்,
ஸ்டாஃப் கழிவு பத்து வீதம்.
மிச்சக் காசை வாங்கும்போது
விரல் தானாகப் போய்
இல்லாததை மேலே தள்ளுகிறது.

படிவத்தில் போடாதது ஒன்று உண்டு.
முன்பெல்லாம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால்
உலகம் எழும்பிப் போய்விடும்.
கரண்ட் பில், சுவர்ப் பல்லி,
அவர் பேசாமல் இருக்கும்போது அவருடைய முகம்,
எல்லாம் ஒரே பஞ்சு.
இப்போது இமையை மூடினால் மணல்,
திறந்தால் பல்லி.

விடிகாலை மூன்று மணி.
மோருக்கும் இஞ்சிக்கும் நடுவில் போத்தலைத் தேடி
அண்ணாந்து நிற்கிறேன்.
ஒரு சொட்டு கன்னத்தில் போகிறது, ஒன்று கண்ணில்.
திறந்த திகதி என் கையெழுத்தில்தான் இருக்கிறது,
மாதம் தாண்டி ஒன்பது நாள்.
எறிய வேண்டும்.
குலுக்கிப் பார்த்தால்
இன்னும் கொஞ்சம் இருக்கு.